பயனுள்ளதாகவும் ஆக்கபூர்வமாகவும்

பெண்ணைக் கேட்காமல் கல்யாணம் பேசுகிற வழக்கம் எந்த ஊரில்தான் இல்லை? பேச்சு கூடத்தில் நடக்கும். பெண் பக்கத்து அறையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளுக்குக் கேட்பதெல்லாம் தேநீர்க் கோப்பைச் சத்தம்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றாம் வருஷக் கோடையில் ஹாங்காங்கின் நிலை அந்தப் பெண்ணின் நிலைதான். பெய்ஜிங்கில் ஒரு மேசை. இந்தப் பக்கம் பிரிட்டிஷ்காரர்கள், அந்தப் பக்கம் சீனர்கள். பேச்சு முழுக்க ஹாங்காங்கைப் பற்றி. ஹாங்காங் உட்கார அங்கே ஒரு முக்காலிகூடப் போடவில்லை.

ஒவ்வொரு சுற்றுப் பேச்சும் முடிந்ததும் இரண்டு தரப்பும் சேர்ந்து ஒரே ஒரு வாக்கியத்தை வெளியே விடும். ஜூலையில் முதல் சுற்று முடிந்ததும் வந்த வாக்கியம் இது: 'பேச்சுவார்த்தை பயனுள்ளதாகவும் ஆக்கபூர்வமாகவும் இருந்தது.' அவ்வளவுதான். யாருக்குப் பயன், எதை ஆக்கினார்கள் என்று கேட்க நாதியில்லை. ஆனாலும் ஐம்பது லட்சம் பேர் அதை நம்பித்தான் சாப்பிட்டார்கள், தூங்கினார்கள், பங்கு வாங்கினார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள்.

அந்த வாக்கியத்தை ஊருக்குப் படித்துச் சொன்னவன் மோக் கின்-ஃபாய். ஹாங்காங்கின் கவுலூன் பகுதியில் ஒரு கான்டனீஸ் மொழி வானொலி நிலையத்தில் நண்பகல் செய்தி வாசிப்பவன். ஆள் குள்ளம், நாற்பத்தொரு வயதுக்குள் முன்வழுக்கை. குரல் மட்டும் ஆறடி. அந்தக் குரலைத் தேடி நிலையத்துக்கு வந்தவர்கள் வாசலில் அவனையே நிறுத்தி, "மோக் ஸார் உள்ள இருக்காரா?" என்று கேட்டதுண்டு. அவனும் சளைக்காமல், "இருக்கார், ஆனா கோபமா இருக்கார்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறான்.

அடுத்த சுற்று வரும்வரை பத்துப் பன்னிரண்டு நாட்கள் அவனுக்குத் தெருவில் நடமாட முடியவில்லை. சந்தையில் மீன்காரி கத்தியைத் தூக்கிக்கொண்டு கூப்பிட்டாள்.

"வாங்க மோக் ஸார்! இன்னைக்கு கெண்டை வெறும் பயனுள்ளதுதான். ஆக்கபூர்வம் வேணும்னா களவா மீன் வாங்கணும்."

"என் சம்பளத்துக்குப் பயனே போதும். ஒரு கெண்டை குடு."

வீட்டுக் கட்டடத்தின் காவலாளி ஃபூக் சித்தப்பா இன்னும் மோசம். சித்தப்பா என்று ஊரே கூப்பிடும் அந்தக் கிழவர், குதிரைப் பந்தயப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு அவனை லிஃப்ட் வாசலில் மறித்துக்கொள்வார்.

"உள்ள நெசமா என்னதான் பேசிக்கிறாங்க? என்கிட்ட மட்டும் சொல்லு. செத்தாலும் வெளிய விடமாட்டேன்."

"எனக்கும் அந்த ஒரு வரிதான் சித்தப்பா வருது."

"படிக்கிறவனுக்குத் தெரியாமயா இருக்கும்?"

"தபால்காரன் கடுதாசியப் படிச்சுட்டா கொண்டாந்து குடுக்கறான்?"

"கெட்டிக்காரத் தபால்காரன் படிச்சுடுவான்" என்றார் ஃபூக் சித்தப்பா. அவன் கெட்டிக்காரன் இல்லை என்று அவருக்கு வருத்தம்.

மோக்கின் வீடு எல்லைத் தெருவில் இருந்தது. தெருவின் பெயரே அதுதான். அந்தத் தெருவுக்குத் தெற்கே உள்ள நிலத்தைப் பிரிட்டிஷ்காரர்கள் ஒரு காலத்தில் சீனாவிடமிருந்து நிரந்தரமாக எழுதி வாங்கியிருந்தார்கள். வடக்கே உள்ளது தொண்ணூற்றொன்பது வருஷக் குத்தகை. குத்தகை தொண்ணூற்றேழாம் வருஷம் ஜூன் மாதத்தோடு முடிகிறது, பிறகு நிலம் சீனாவுக்கு. நடுவில் ஓடுவது ஒரு சாதாரணத் தார்ச்சாலை. பஸ் போகும், குப்பை வண்டி போகும். மோக்கின் வீடு வடக்குப் பக்கம், ஐந்தாம் மாடி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வங்கியில் கடன் கேட்டு வாங்கியபோது, மேலாளர் காலண்டரைப் பார்த்து, தொண்ணூற்றேழுக்கு அப்பால் ஒரு தவணைகூடக் கிடையாது என்று சொல்லிவிட்டார். அன்றைக்குத்தான் மோக்குக்கும் அவன் மனைவி சுக்-லிங்குக்கும் உறைத்தது, தாங்கள் வாங்கியது வீடு இல்லை, வீட்டில் மிச்சமிருக்கும் வருஷங்கள் என்று.

சுக்-லிங் ஆரம்பப் பள்ளியில் கணக்கு டீச்சர். கிண்டலும் கணக்காகத்தான் வரும். எதிர்ச்சாரியில் காய்கறிக்கடை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, "நிரந்தரத்துக்குப் போய் கீரை வாங்கிட்டு வந்துடறேன்" என்பாள். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது, "குத்தகைக்கு வந்தாச்சு" என்பாள். ஆரம்பத்தில் இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு அவன் சிரிப்பதை நிறுத்தினான். அவள் சொல்வதை நிறுத்தவில்லை.

அவளுடைய அண்ணன் கார்-சிங் வான்கூவரில் உணவகம் வைத்திருந்தான். தங்கை, மாப்பிள்ளை, அவர்கள் மகள் ஹோய்-யான் மூன்று பேரும் கனடாவில் குடியேற அவன்தான் மனுப் போட்டான். ஒன்றரை வருஷம் இழுத்தடித்துக் கடைசியில் கனடாக்காரர்கள் சரி என்றார்கள். பாஸ்போர்ட்டுகளைக் கொண்டுவந்து கொடுக்க ஒரு தேதி வைத்தார்கள். அந்தத் தேதி தப்பினால் மனு காலாவதி. மறுபடி முதலிலிருந்து. கார்-சிங் தொலைபேசியில் கத்தினான்: "இன்னொரு தடவை நான் பொறுப்பேத்துக்க மாட்டேம்மா. என் கடையே ஆடிக்கிட்டிருக்கு. வர்றதுன்னா இப்ப வா."

மோக்குக்குப் போக மனமில்லை. அதை அவன் ஒளிக்கவும் இல்லை.

"அங்க போய் நான் எந்த பாஷையில வாயத் தொறக்கறது? உங்கண்ணன் கடையில பாத்திரம் கழுவறதுக்குக் குரல் எதுக்கு?"

"கழுவேன். கை தேஞ்சா போயிடும்?"

"உனக்கென்ன, கணக்கு எல்லா ஊர்லயும் ஒண்ணுதான். ரெண்டும் ரெண்டும் அங்கயும் நாலு. நான் இங்க மோக் ஸார். அங்க போனா ஊமை."

"நான் உன் குரலப் பத்திப் பேசல, ஆ-ஃபாய். ஹோய்-யானுக்கு இப்ப பதினொண்ணு. குத்தகை முடியறப்ப இருபத்தஞ்சு. எங்கப்பா இருபத்தஞ்சு வயசுல சீனாப் பக்கத்துலேர்ந்து நீந்தி வந்தாரு. கால்ல சிப்பி கிழிச்ச தழும்போடதான் செத்தாரு. அவரு பேத்தி என்ன செய்வா, திரும்ப நீந்துவாளா?"

பதில் இல்லாதவன் பந்தயம் கட்டுவான். அது அந்த ஊர் குணம். அங்கே நாய் ஓடினாலும் எந்த நாய் முந்தும் என்று பணம் கட்டுவார்கள். பாஸ்போர்ட் கொடுக்க வேண்டிய கடைசி நாளும் பெய்ஜிங்கில் இரண்டாம் சுற்றுப் பேச்சு முடிகிற நாளும் ஒன்றாக வந்து விழுந்தன. மோக் அதைப் பிடித்துக்கொண்டான்.

"நீ போய் வரிசையில நில்லு. ரேடியோவக் கையில வச்சுக்க. நண்பகல் செய்தியில வாக்கியம் வந்துடும். போன தடவை மாதிரி ரெண்டு வார்த்தையும் இருந்துச்சுன்னா திரும்பி வந்துடு. இங்கயே இருப்போம். ஒரு வார்த்தை உதிர்ந்தாலும் பாஸ்போர்ட்டக் குடுத்துடு. நான் வாயே தொறக்க மாட்டேன். பாத்திரம் கழுவறேன்."

சுக்-லிங் கேட்டாள்: "சத்தியமா?"

"சத்தியமா."

அவன் ஏன் அவ்வளவு தைரியமாகக் கட்டினான் என்றால், அந்த வார்த்தைகள் உதிரும் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை. காசா பணமா, வெறும் இரண்டு அடைமொழி. முதல் தடவை கொடுத்ததை இரண்டாம் தடவை பிடுங்குவதில் யாருக்கு என்ன லாபம்? ராஜதந்திரிகள் அவ்வளவு அற்பமானவர்களாக இருப்பார்கள் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அவன் நல்லவன்தான். உலகம் புரியாதவன்.

அந்த நாள் வந்தது. சுக்-லிங் மூன்று பாஸ்போர்ட்டையும் கைப்பையில் போட்டு, மகளைப் பள்ளி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, படகில் துறைமுகத்தைக் கடந்து ஹாங்காங் தீவுக்குப் போனாள். கனடா அலுவலகத்தில் பகல் ஒரு மணியோடு கதவை அடைத்துவிடுவார்கள், அதற்குள் உள்ளே நிற்பவர்களிடம் மட்டும் வாங்கிக்கொள்வார்கள்.

நண்பகல் செய்தி தொடங்கியபோது பெய்ஜிங்கிலிருந்து எதுவும் வந்திருக்கவில்லை. மோக் புயல் எச்சரிக்கையைப் படித்தான். பன்றிக்கறி விலையைப் படித்தான். தண்ணீர்க் குழாய் உடைந்த தெருவைப் படித்துக்கொண்டிருந்தபோது கண்ணாடிக் கதவு திறந்தது. செய்தி ஆசிரியர் யிப் அக்கா பூனைபோல வந்து, தன் கையால் எழுதிய ஒரு தாளை மேசைமேல் வைத்துவிட்டு, சுவரோரம் நின்றுகொண்டாள். முன்கூட்டிப் பார்க்க நேரமில்லை. மோக் மூச்சை இழுத்து, அந்த ஆறடிக் குரலில் படித்தான்.

"ஹாங்காங்கின் எதிர்காலம் குறித்த இரண்டாம் சுற்றுப் பேச்சுவார்த்தை இன்று பெய்ஜிங்கில் நிறைவடைந்தது. பேச்சுவார்த்தை பயனுள்ளதாகவும் ஆக்கபூர்வமாகவும் இருந்தது என இரு தரப்பும் வெளியிட்ட அறிக்கை தெரிவிக்கிறது."

யிப் அக்கா சுவரோரம் நின்று தலையாட்டினாள். வெளியே மேசைகளில் யாரோ கைதட்டினார்கள். ஒருவன் பங்குத் தரகனுக்குத் தொலைபேசியைச் சுழற்றினான். கீழே தேநீர்க்கடையில் வானொலியைச் சுற்றி நின்றவர்கள் பெருமூச்சு விட்டது மாடிவரை கேட்டது என்று பிற்பாடு சொன்னார்கள். மோக் குதிரைப் பந்தய முடிவுகளைப் படித்து முடித்து, தண்ணீர் குடித்தான். அவன் மனசில் நிம்மதி ஊற்றாகப் பொங்கியது. சுக்-லிங் இந்நேரம் வரிசையைவிட்டு வெளியே வந்திருப்பாள். வரும் வழியில் வறுத்த வாத்து வாங்கி வருவாளோ என்றுகூட நினைத்தான்.

பெய்ஜிங்கிலிருந்த நிருபர் கூப்பிட்டபோது நேரம் பன்னிரண்டு இருபது இருக்கும்.

"யாருய்யா உங்களுக்கு ஆக்கபூர்வத்தக் குடுத்தது?" என்றான் அவன். "இங்க யாரும் அந்த வார்த்தையச் சொல்லவே இல்லையே!"

யிப் அக்கா தாளை எடுத்தாள். மோக்கும் குனிந்து பார்த்தான். 'பேச்சுவார்த்தை பயனுள்ளதாக இருந்தது.' அவள் கையெழுத்து, குண்டு குண்டாக, தெளிவாக. இரண்டாவது வார்த்தை தாளில் எங்கேயும் இல்லை. திருப்பிப் பார்த்தார்கள். பின்பக்கம் வெள்ளை.

"நான்தான் எழுதினேன்" என்றாள் யிப் அக்கா. "பக்கத்துலதான் நின்னேன். நீ படிக்கறதக் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். எனக்கே வித்தியாசம் தெரியலையேடா!"

இதற்கு ஊரில் ஒரு விளக்கம் உண்டு. கான்டனீஸ் நாக்கு அமங்கலமான சொல்லைச் சொல்லாது. ஈரலுக்கான சொல் 'வறட்சி' என்பதுபோல் ஒலிக்கும் என்பதால், கறிக்கடையில் ஈரலை 'ஈரப்பசை' என்ற பெயரில்தான் கேட்பார்கள். காலி வீடு என்று சொன்னால் கேடு என்பதுபோல் காதில் விழும். அதனால் வாடகைப் பலகையில் 'மங்கல வீடு' என்று எழுதுவார்கள். நாம் 'போறேன்' என்று சொல்லாமல் 'வரேன்' என்று சொல்லிவிட்டுப் போவதில்லையா, அந்த ரகம். அப்படி வளர்ந்த நாக்கு, மங்கலமான ஒரு வாக்கியத்தில் ஓட்டை விழுந்திருப்பதைக் கண்டால் தானாக அடைத்துவிடும், படித்தவன் நாக்கும் அடைத்துவிட்டது, கேட்டவள் காதும் அடைத்துவிட்டது என்றார்கள். மோக்கும் அன்றைக்குத் தனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டான்.

ஆனால் விளக்கம் யோசிக்கவா நேரம்? அவன் கடிகாரத்தைப் பார்த்தான்.

"இப்பவே மாத்திச் சொல்லணும் அக்கா. பாட்ட நிறுத்தச் சொல்லுங்க. இப்பவே!"

"இருடா. இது தண்ணிக் குழாய் சமாச்சாரமா? மேல கேட்காம எப்படி?"

மேலே என்றால் நிலையத் தலைவர். அவர் மதியச் சாப்பாட்டில் இருந்தார். அவரைப் பிடித்தபோது, அரசாங்கத் தகவல் இலாகாவைக் கேட்காமல் வேண்டாம் என்றார். இலாகாவில் எடுத்தவர் தன் அதிகாரியைக் கேட்கவேண்டும் என்றார். அதிகாரி, பங்குச் சந்தை இடைவேளைக்கு முன்னால் சொல்லலாமா, பின்னால் சொல்லலாமா என்று வேறொருவரைக் கேட்கப் போனார். ஒரு வார்த்தையைக் கூட்டுவதற்கு ஒருத்தர் அனுமதியும் தேவைப்படவில்லை. அதை எடுப்பதற்கு ஐந்து பேரைக் கேட்கவேண்டியிருந்தது.

மோக் இன்னொரு தொலைபேசியில் கனடா அலுவலக எண்ணைச் சுழற்றிக்கொண்டே இருந்தான். லைன் கிடைக்கவில்லை. கிடைத்தால் என்ன சொல்லியிருப்பான்? வரிசையில் நீல உடுப்பில் ஒரு டீச்சர் நிற்கிறாள், அவள் புருஷன் பொய் படித்துவிட்டான், வரிசையைவிட்டுப் போகவேண்டாம் என்று சொல்லுங்கள் என்றா? ஓடிப் போகலாம் என்றால் நடுவில் கடல். படகுக்குக் காத்து, ஏறி, இறங்கிப் போவதற்குள் கதவு சாத்திவிடும். இருந்தும் அவன் படிக்கட்டுவரை ஓடினான். பிறகு ஒரு மணிச் செய்தியும் தான்தான் படிக்கவேண்டும் என்று நினைவு வந்து திரும்பி வந்தான். ஊருக்கெல்லாம் கேட்கும் குரலை வைத்துக்கொண்டு, அக்கரையில் நிற்கும் ஒருத்திக்கு ஒரு சொல் எட்டவைக்க முடியவில்லை.

ஒரு மணிச் செய்தியின் தொடக்கத்தில் அவனே திருத்தத்தைப் படித்தான். "முந்தைய செய்தியில் 'ஆக்கபூர்வமாகவும்' என்ற சொல் தவறுதலாக இடம்பெற்றுவிட்டது. தவறுக்கு வருந்துகிறோம்." அப்போதும் குரல் உடையவில்லை. பழக்கம்.

சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்தபோது லிஃப்ட் வாசலில் ஃபூக் சித்தப்பா காத்திருந்தார்.

"மத்தியானம் இருந்துச்சு. ஒரு மணிக்கு இல்ல. நடுவுல யாரு எடுத்தா?"

"இருக்கவே இல்ல சித்தப்பா. நான்தான் தப்பாப் படிச்சுட்டேன்."

"எங்கிட்டயே கதையா? முதல்ல உண்மையப் படிச்சுட்ட. அப்புறம் மேலேர்ந்து மிரட்டியிருக்கான். நீயும் பயந்து எடுத்துட்ட. ஒரு வார்த்தைக்காக நின்னு சண்டை போட்டிருக்கக் கூடாதா?" அவர் நிஜமாகவே கோபமாக இருந்தார். கண் கலங்கியிருந்தது. "அது எங்க வார்த்தைப்பா" என்றார்.

மோக் மாடி ஏறினான். லிஃப்ட் இருந்தும் படியில் ஏறினான்.

சுக்-லிங் சமையலறையில் ஹோய்-யானுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். நீல உடுப்பை இன்னும் மாற்றவில்லை. அவன் செருப்பைக் கழற்றினான்.

"எனக்கு முன்னால நாலு பேர்தான் இருந்தாங்க" என்றாள். "நண்பகல் செய்தி வந்துச்சு. நீ சொன்ன. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். பந்தயம் பந்தயம்தானேன்னு பாஸ்போர்ட்டத் திரும்பப் பைக்குள்ள போட்டுட்டு வந்துட்டேன். பின்னால நின்ன ஒரு அம்மா கேட்டா, 'ஏம்மா, இவ்வளவு நேரம் நின்னுட்டுப் போறே?' 'இந்தச் செய்தி படிக்கறது என் வீட்டுக்காரரு'ன்னு சொன்னேன். பெருமையாத்தான் சொன்னேன்."

மோக் கழற்றிய செருப்பை எடுத்து ஓரமாக வைத்தான்.

"படகுலேர்ந்து எறங்கி மினிபஸ் ஏறினேன். டிரைவர் ரேடியோ போட்டிருந்தான். நீ திருத்தினத எல்லார் கூடயும் சேர்ந்துதான் கேட்டேன். ஒருத்தன் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினான். உன்னத்தான். நான் வாயத் தொறக்கல."

"சுக்-லிங், நான்..."

"கஞ்சி ஆறிடும். கையக் கழுவு."

மறுநாள் அவள் பள்ளிக்கு இன்னொரு நாள் விடுப்புப் போட்டுவிட்டு மறுபடி போனாள். கனடா அலுவலக வரிசை கட்டடத்தைச் சுற்றி வளைந்து அடுத்த தெருவில் முடிந்தது. ஒரு சொல் உதிர்ந்ததற்கு ஊரே வந்து நின்றிருந்தது. ஜன்னலில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். மனு காலாவதியாகிவிட்டது, புதிதாகப் போடலாம், எத்தனை வருஷமாகும் என்று சொல்வதற்கில்லை, பொறுப்பேற்பவர் மறுபடி கையெழுத்துப் போடவேண்டும் என்றாள். சுக்-லிங் அன்றிரவு அண்ணனைக் கூப்பிட்டாள். அண்ணன் கத்தவில்லை. "நான் சொன்னேனேம்மா" என்று மட்டும் சொன்னான்.

அதற்கப்புறம் பெய்ஜிங் வாக்கியம் தேய்ந்துகொண்டே போனது. மூன்றாம் சுற்றில் 'பயனுள்ள'தும் போயிற்று. பேச்சு நடந்தது, மறுபடி நடக்கும், அவ்வளவுதான் மிச்சம். மோக் ஒவ்வொன்றையும் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். சந்தையில் மீன்காரி கேலி செய்வதை விட்டுவிட்டாள். கெண்டையை வெட்டி, பொட்டலம் கட்டி நீட்டினாள். அவள் திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தேவலாம் என்றிருந்தது.

செப்டம்பரில், பேச்சு முறியும் என்ற பயத்தில், ஹாங்காங் டாலர் விழுந்தது. காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. சில கடைகளில் அமெரிக்க டாலரில் விலை எழுதி வைத்தார்கள். சனிக்கிழமை ஊர் மொத்தமும் அரிசி வாங்கத் தெருவில் இறங்கியது. கழிப்பறைக் காகிதத்துக்கு அடிதடி நடந்தது. மோக்கும் சுக்-லிங்கும் வரிசையில் நின்று கிடைத்த ஒரு மூட்டையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தார்கள். எல்லைத் தெருவைக் கடக்கும்போது அவள் வழக்கமான கிண்டலைச் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் ஒரே விலைதான் அன்றைக்கு.

ஐந்தாம் மாடியில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அவள் அதன்மேலேயே உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. ஹோய்-யான் உள்ளே பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். உண்மையச் சொல்லு" என்றாள் சுக்-லிங். "அந்த வார்த்தை உன் நாக்குல தானா வந்துச்சா, நீ வரவழைச்சியா?"

இரண்டு மாசமாக அவன் தன்னையே கேட்டுக்கொண்ட கேள்வி. தூக்கத்தில்கூட அந்தத் தாளைப் பார்த்திருக்கிறான். கண் அந்த இடத்தில் ஒரு நொடி நின்றதுபோலவும் இருக்கும், நிற்காததுபோலவும் இருக்கும். போகவேண்டாம் என்று ஆசைப்பட்டவன் அவன். நினைத்தது நடந்துவிட்டது. வேண்டியதைத் திருடியவனும் தவறிப்போய் எடுத்தவனும் கையில் ஒரே பொருளை வைத்துக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

"தெரியல" என்றான். "நெசமாத் தெரியல, லிங். தானா வந்துச்சுன்னு சொல்லணும்னு இருக்கு. ஆனா தெரியல."

அவள் தலையாட்டினாள். அழவில்லை. அவன்தான் அழுதான். அரிசி மூட்டைப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அந்தப் பெரிய குரலை அடக்கிக்கொண்டு, உள்ளே மகளுக்குக் கேட்காமல் அழுதான்.

"வேற யார் படிச்சிருந்தாலும் நான் ஒரு மணி வரைக்கும் அங்கயே நின்னிருப்பேன்" என்றாள். "எதுக்கும் இன்னொரு தடவை கேட்டுக்குவோம்னு. உன் குரலாப் போச்சு."

அதைச் சொன்னது திட்டுவதற்காக இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவனுக்கு அதுதான் தாங்கவில்லை.

திங்கட்கிழமை மோக் நண்பகல் செய்தி படித்துவிட்டு, தொண்டை சரியில்லை என்று சீக்கிரம் வீட்டுக்கு வந்தான். பள்ளிக்கு ஏதோ விடுமுறை. கதவைத் திறந்தபோது வானொலி பாடிக்கொண்டிருந்தது. அவன் நிலையம் இல்லை. எதிர் நிலையம். சுக்-லிங் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், ஹோய்-யான் பக்கத்தில் உட்கார்ந்து காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். பாட்டு நின்று ஒரு மணிச் செய்தி வந்தது. புதிதாகச் சேர்ந்த எவனோ, ஒவ்வொரு வரியிலும் தடுக்கி விழுந்து எழுந்தான்.

"என்னம்மா இவன் இப்படிப் படிக்கிறான்?" என்று ஹோய்-யான் சிரித்தாள். "அப்பா ஸ்டேஷன் வையேன்."

"இருக்கட்டும்" என்றாள் சுக்-லிங், வாசலில் நிற்பவனைப் பார்த்துவிட்டு, பார்த்தபடியே. "திக்கித் திக்கித்தான் படிக்கிறான். ஆனா எழுதியிருக்கறத மட்டும் படிக்கிறான்."